கேட்டவர்கள் யார்?

ஒரு கருவியின் சரித்திரத்தைச் சொல்லப் புகுந்தால், அதைச் செய்தவர் பெயரோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. செய்யச் சொல்லிக் கேட்டவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கொல்லர் அரிவாளை அடித்துக் கொடுத்தார், சரி. 'இந்த வளைவு போதாது. கதிரைப் பிடித்து இழுத்தால் நழுவுகிறது' என்று பட்டறை வாசலில் நின்று பிடிவாதம் பிடித்தவள் ஒருத்தி இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவள் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

நான் சொல்ல வந்தது அரிவாளைப் பற்றியல்ல. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் கையாளும் சில சின்னஞ்சிறு கருவிகளைப் பற்றி. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அந்த உத்தியோகத்தில் ஒரு பிள்ளையோ பெண்ணோ நிச்சயமாக இருப்பார்கள். ஒரு நாள் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பாருங்கள். படமும் வர்ணமும் நிறைந்த திரையை ஒதுக்கிவிட்டு, கறுப்புச் சதுரம் ஒன்றைத் திறந்து, இரண்டெழுத்தும் மூன்றெழுத்துமாக ஏதோ மந்திரம் போல மளமளவென்று தட்டிக்கொண்டிருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு புது மாதிரி வந்து பழசையெல்லாம் குப்பையில் தள்ளுகிற அந்தத் தொழிலில், இந்த மந்திரங்களில் பல ஐம்பது வயதைக் கடந்தவை. அவை எப்படிப் பிறந்தன என்று தேடிப் போனால், ஒவ்வொன்றின் பிறப்பிலும் யாராவது ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

அமெரிக்காவில் நியூஜெர்ஸி ராஜ்யத்தில் மரே ஹில் என்று ஓர் ஊர். டெலிபோன் கம்பெனியின் பெல் ஆராய்ச்சிசாலை அங்கே இருந்தது. வேறு இரண்டு ஸ்தாபனங்களோடு கூட்டாகச் சேர்ந்து 'மல்ட்டிக்ஸ்' என்ற மகா பெரிய ஏற்பாடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பல பேர் ஒரே கம்ப்யூட்டரை ஒரே சமயத்தில் உபயோகிக்க வேண்டும் என்பது திட்டம். பணமும் காலமும் போய்க்கொண்டேயிருந்தன. வேலை முடிகிற வழியாக இல்லை. 1969-ல் பெல் ஆராய்ச்சிசாலை கூட்டிலிருந்து விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்ப்ஸனுக்கு அப்போது 26 வயது. அதிகம் பேர் தேடாத பி.டி.பி.-7 என்ற சிறிய யந்திரம் ஒன்று அவருக்கு அகப்பட்டது. அந்தக் கோடையில் அவருடைய மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கலிபோர்னியாவிலிருந்த மாமனார் மாமியாரைப் பார்க்கப் போனார். மூன்று வாரம் வீடு வெறிச்சென்று கிடந்தது. அந்த மூன்று வாரத்தில் வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு, யந்திரத்தை ஆளும் மூல ஏற்பாடு, எழுத்தைத் திருத்தும் கருவி, புரோகிராமை யந்திர பாஷைக்கு மாற்றும் கருவி ஆகியவற்றை எழுதி முடித்துவிட்டார். பிற்பாடு 'யூனிக்ஸ்' என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியதன் ஆரம்பம் இதுதான். மருமகளை ஒரே வாரத்தில் திருப்பி அனுப்பாத அந்த மாமியாருக்கும் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் ஒரு மூலையில் இடம் உண்டு என்பது என் கட்சி.

எழுத்தைத் திருத்தும் அந்தக் கருவிக்கு 'ஈடி' என்று பெயர். அதன் சுபாவத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர்கள் முன்னால் திரை கிடையாது. டெலிடைப் என்ற யந்திரம் இருந்தது. தந்தி ஆபீஸில் கேட்கும் சத்தம் போல் கடகடவென்று அலறிக்கொண்டு காகிதச் சுருளில் அச்சடிக்கும். வினாடிக்குப் பத்து எழுத்து. அதற்கு மேல் ஓடாது. இந்த வேகத்தில் யாரும் தேவைக்கு மேல் ஓர் எழுத்துக்கூடப் பேச விரும்பமாட்டார்கள். யூனிக்ஸின் சொற்களெல்லாம் இரண்டெழுத்தாகக் குறுகியதற்கு இந்த மந்த கதியும் விறைப்பான சாவிகளும் பெரிய காரணம். ஈடியோ குறுக்கத்தில் எல்லாரையும் தோற்கடித்தது. நீங்கள் எழுதியதை அது தானாகக் காட்டாது. இந்த வரியை அச்சிடு என்று கேட்டால்தான் காட்டும். நீங்கள் தப்பாக ஏதாவது தட்டிவிட்டால் என்ன தப்பு, எங்கே தப்பு என்ற விளக்கமெல்லாம் கிடையாது. ஒரே ஒரு கேள்விக்குறியை அச்சிட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடும். எனக்குத் தெரிந்த சில கணக்கு வாத்தியார்கள் இந்த ரகம்.

தாம்ப்ஸனுக்கும் அவருடைய தோழர் டென்னிஸ் ரிச்சிக்கும் அது போதும். ஆனால் பெரிய யந்திரம் வாங்க வேண்டுமானால் மேலதிகாரிகள் பணம் கொடுக்க வேண்டுமே! மல்ட்டிக்ஸில் சூடுபட்டவர்கள் அவர்கள். மறுபடியும் அதே மாதிரி ஆராய்ச்சி என்றால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் வேறு வழியாக விண்ணப்பம் போயிற்று. ஆராய்ச்சிசாலையின் பேடண்ட் இலாகாவில் மலைமலையாக விண்ணப்பங்களை டைப் அடிக்கிறார்கள். அவற்றை அடித்துத் திருத்தி, பக்கம் பிரித்து, வரிகளுக்கு எண் போட்டுக் கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து தருகிறோம் என்றார்கள். சுமார் 65,000 டாலர் பெறுமான பி.டி.பி.-11 வந்து சேர்ந்தது.

1971-ன் பிற்பாதியில் பேடண்ட் இலாகாவின் டைப்பிஸ்டுகள் மூவர் அந்த யந்திரத்தின் முன் உட்கார்ந்தார்கள். யூனிக்ஸைச் செய்தவர்களின் கோஷ்டிக்கு வெளியேயிருந்து வந்து, தினந்தோறும் அதை நம்பி வயிற்றுப் பிழைப்பு நடத்திய முதல் மனிதர்கள் அவர்களே. யந்திரத்தின் நினைவு மொத்தம் 24 கிலோபைட். சேமித்து வைக்கும் வட்டு அரை மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போல் பல மடங்கு இடம் கேட்கும். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர்கள் அடித்ததை நாடாவுக்கு மாற்றினால்தான் மேற்கொண்டு அடிக்க இடம். இன்னொரு விசேஷம்: ஒருவருடைய புரோகிராம் தடம் புரண்டால் மற்றவர் வேலையைக் காப்பாற்ற அந்த யந்திரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அதே யந்திரத்தில்தான் தாம்ப்ஸனும் ரிச்சியும் புதுப் புரோகிராம்களைச் சோதனை செய்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஜாக்கிரதையும் துணிச்சலும் வேண்டியிருந்தது என்று ரிச்சி பின்னாளில் எழுதினார். இருக்காதா? பக்கத்தில் மூன்று பேர் மும்முரமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சோதனையில் அவர்களுடைய காலை நேர உழைப்பு முழுவதும் காற்றில் போனால் எந்த முகத்தோடு அவர்களைப் பார்ப்பது? அந்தக் கண்ணுக்குத் தெரியாத பயம்தான் யூனிக்ஸை உறுதியாக்கிய முதல் பாடம் என்று நான் நினைக்கிறேன். பேடண்ட் இலாகா திருப்தியடைந்தது. யந்திரத்துக்கு விலையும் கொடுத்தது. சரித்திர நூல்களோ அந்த மூவரையும் 'மூன்று டைப்பிஸ்டுகள்' என்ற இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கின்றன.

அடுத்து வருகிறவர் பெயரோடு கேட்டவர், கேட்டுக்கொண்டேயிருந்தவர். டக்ளஸ் மெக்கில்ராய் அந்தப் பகுதியின் தலைவர். 1964-லேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயில் வேண்டும்போது இன்னொரு துண்டைத் திருகிச் சேர்த்துக்கொள்வது போல், ஒரு புரோகிராமோடு இன்னொன்றைச் சேர்க்க வழி வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதன் அருமை நம் ஊர்க் களத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒருத்தி குத்துகிறாள், இன்னொருத்தி முறத்தில் புடைக்கிறாள், மூன்றாமவள் சல்லடையில் சலிக்கிறாள். குத்தியதைக் குதிரில் கொட்டி, மறுபடி அள்ளி வந்து புடைத்து, திரும்பவும் குதிரில் கொட்டுவார்களா? கம்ப்யூட்டரில் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மெக்கில்ராய் வருஷக்கணக்காக விடாமல் நச்சரித்தார். அவர் அதிகாரி, உத்தரவு போட்டிருக்கலாம். போடவில்லை. இப்படி எழுதலாமா, அப்படி எழுதலாமா என்று யோசனை மேல் யோசனையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு நாள் தாம்ப்ஸன் சரி என்றார். ஒரே இரவில் குழாயைச் செய்து முடித்து, கையிலிருந்த மற்றப் புரோகிராம்களையும் அதற்கு இசையும்படி மாற்றிவிட்டார். மறுநாள் ஆராய்ச்சிசாலையில் ஒரே அமர்க்களம். ஆளாளுக்கு இதையும் அதையும் குழாயில் கோத்து, 'என் வரியைப் பார், என் வரியைப் பார்' என்று காட்டிக்கொண்டிருந்தார்களாம். 1973 பிப்ரவரியில் வந்த கையேட்டின் மூன்றாம் பதிப்பில் குழாய் இடம் பெற்றுவிட்டது.

'கிரெப்' என்ற கருவிக்கு இரண்டு பிறப்புக் கதைகள் இருக்கின்றன. ஒரு குவியல் எழுத்தில், வேண்டிய சொல் வரும் வரிகளை மட்டும் பொறுக்கித் தருவது அதன் வேலை. லீ மக்மஹோன் என்பவர் அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787-88-ல் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றில் சிலவற்றை எழுதியது ஹாமில்டனா மாடிஸனா என்பது பழைய வழக்கு. எந்தச் சொல்லை யார் எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால் ஆசாமி அகப்பட்டுவிடுவான் என்பது மக்மஹோன் எண்ணம். ஆனால் அத்தனை கட்டுரையும் ஈடிக்குள் அடங்கவில்லை. ஈடியின் வயிற்றிலிருந்து தேடும் பகுதியை மட்டும் தாம்ப்ஸன் கத்தரித்து எடுத்துத் தனிக் கருவியாக்கிக் கொடுத்தார். 'எல்லா இடத்திலும் தேடு, இந்தச் சாயல் உள்ள வரியை, அச்சிடு' என்று ஈடிக்கு இடும் கட்டளையைச் சுருக்கி எழுதினால் வரும் எழுத்துக்களே கிரெப் என்ற பெயர்.

இது ஒரு கதை. மெக்கில்ராய் சொல்வது வேறு. எழுத்தைப் படித்துக் குரலாகச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். ஆங்கில உச்சரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விதி அமைத்தால் அதை மீறப் பத்துச் சொற்கள் காத்திருக்கும். அகராதி முழுவதும் தேடி அந்தச் சொற்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் தாம்ப்ஸனைக் கேட்டார். காலையில் கருவி வந்துவிட்டது. தாம்ப்ஸனுடைய வாக்குமூலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: அவர் தமக்கென்று அந்தரங்கமாக ஒன்றை முன்பே எழுதி வைத்திருந்தார், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அதில் இருந்த பிழைகளைத் திருத்தி மறுநாள் நீட்டினார். ஒரே இரவில் உலகத்தைப் படைத்தார் என்ற கீர்த்தி கிடைத்தது! எந்தக் கதை மெய் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டும் மெய்யாக இருப்பதில் ஒரு முரணும் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: தாம்ப்ஸன் தமக்கென்று வைத்திருந்தவரையில் அது பெட்டிக்குள் கிடந்தது, கேட்டபோதுதான் வெளியே வந்தது. 2003-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

இனி ஒரு சோகக் கதை. பெரிய புரோகிராம் என்பது பல துண்டுகளாக இருக்கும். ஒரு துண்டைத் திருத்தினால் அதை யந்திர பாஷைக்கு மறுபடி மாற்றியாக வேண்டும். மறந்துவிட்டால் பழசே ஓடும். ஸ்டீவ் ஜான்ஸன் என்பவர் ஒரு நாள் காலைப் பொழுது முழுவதும் ஒரு பிழையைத் தேடி மண்டையை உடைத்துக்கொண்டார். பிழையை முன்பே திருத்தியாகிவிட்டது, மாற்றத்தான் மறந்துவிட்டார். புளியைக் குறைத்துப் புதுக் குழம்பு வைத்துவிட்டு, நேற்றைய குழம்பையே திரும்பத் திரும்ப ருசி பார்த்து 'இன்னும் புளிக்கிறதே' என்று அலுத்துக்கொள்வது போல. ஆத்திரத்தோடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அறைக்குள் நுழைந்து திட்டித் தீர்த்தார். முந்திய நாள்தான் ஃபெல்ட்மனுக்கும் அதே கதி நேர்ந்திருந்தது. அந்த வாரக் கடைசியில் அவர் எழுதிய கருவிதான் 'மேக்': எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் தானே அறிந்து புதுப்பிக்கும். 1976-ல் நடந்தது இது.

இதில் சோகம் எங்கே என்கிறீர்களா? மேக்குக்கு எழுதிக் கொடுக்கும் குறிப்பில், சில வரிகள் 'டேப்' சாவியைத் தட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் ஏற்காது. கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இது அசட்டு ஏற்பாடு என்று ஃபெல்ட்மனுக்குச் சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் நண்பர்கள் அந்தக் கருவியை உபயோகிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் எழுதி வைத்ததெல்லாம் வீணாகுமே என்று சங்கோசப்பட்டு விட்டுவிட்டார். பன்னிரண்டு பேர் மனம் நோகக் கூடாது என்று அன்று அவர் காட்டிய தாட்சண்யத்துக்காக, பிறகு வந்த லட்சக்கணக்கானவர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் இடறி விழுந்துகொண்டிருக்கிறார்கள். 2003-ல் இதே கருவிக்காக அவருக்குப் பெரிய விருது ஒன்று கிடைத்தது. பக்கத்து அறைக்காரரைத் திருப்திப்படுத்துவதில் இந்த அபாயமும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சொற்களைத் தத்தம் பத்தியில் பிரித்துக் கணக்குப் பார்க்கும் 'ஆக்', இரண்டு பிரதிகளுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டும் 'டிஃப்' என்று குடும்பம் பெருகிற்று. 1986-ல் இந்தக் குடும்பத்தின் சாமர்த்தியத்துக்கு ஒரு பரீட்சை நடந்தது. ஒரு நூலில் அதிகமாக வரும் சொற்கள் எவை என்று கண்டுபிடிக்கும் புரோகிராமை டொனால்ட் நூத் என்ற பேராசிரியர் ஒரு பத்திரிகைக்காக எழுதினார். பத்துப் பக்கத்துக்கு மேல் நீளும் அற்புதமான காவியம். அதற்கு விமரிசனம் எழுதும்படி மெக்கில்ராயைக் கேட்டார்கள். நூத்தின் கலையை மனமாரப் புகழ்ந்துவிட்டு, அதை ரத்தினம் இழைத்த முட்டை என்று வர்ணித்துவிட்டு, அதே காரியத்தை ஆறு வரியில் செய்து காட்டினார் அவர். சொல்லுக்கு ஒரு வரியாகப் பிரி, சின்ன எழுத்தாக மாற்று, வரிசைப்படுத்து, ஒரே மாதிரியானவற்றை எண்ணு, எண்ணிக்கைப்படி அடுக்கு, மேலே உள்ளதை எடு. எல்லாம் பழைய கருவிகள், வேறு வேறு காலத்தில் வேறு வேறு தேவைக்குப் பிறந்தவை, நடுவில் குழாய். இதில் யார் ஜெயித்தார்கள் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். நூத்துக்குக் கொடுத்த கேள்வியே வேறு என்பார்கள் அவர் கட்சிக்காரர்கள். அதிலும் நியாயம் உண்டு.

ஈடியை நடுவில் விட்டுவிட்டோம். 1976-ல் லண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் என்பவருக்கு அந்தக் கேள்விக்குறி பொறுக்கவில்லை. அதற்குள் திரை வந்துவிட்டது. எழுதுவது எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? ஈடியை மாற்றி 'எம்' என்று ஒன்று செய்தார். சாதாரண மானிடர்களுக்கான எழுத்துக் கருவி என்பது அந்தப் பெயரின் விரிவு. ஈடி தேவர்களுக்கு என்ற குத்தலும் அதில் இருக்கிறது. தாம்ப்ஸன் லண்டனுக்கு வந்தபோது அதைப் பார்த்தார். இப்படிச் சிலது பார்த்திருக்கிறேன், எனக்குத் தேவைப்படவில்லை, திருத்தும்போது பிரதியை நான் பார்க்க விரும்புவதில்லை என்ற கருத்தில் பதில் சொன்னாராம். மகா மேதை, அவர் மனத்திலேயே பிரதி முழுவதும் இருந்தது. ஆனால் அவர் ஒருவரையே கேட்டுக்கொண்டு உலகம் நடந்திருந்தால், நாமெல்லாம் இன்னும் கேள்விக்குறியோடுதான் மல்லுக்கு நின்றுகொண்டிருப்போம். காகிதத்தின் முன்னால் உட்கார்ந்த அந்த மூன்று டைப்பிஸ்டுகளுக்கும் மனத்தில் பிரதி இருந்ததா என்று யார் கேட்டார்கள்?

அதே கோடையில் கூலூரிஸ் எம்மை எடுத்துக்கொண்டு கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே பில் ஜாய் என்ற மாணவர் அதைப் பிடித்துக்கொண்டார். மாற்றி மாற்றி எழுதியதில் 'வி.ஐ.' பிறந்தது. ஜாய் வீட்டிலிருந்து டெலிபோன் வழியாக வேலை செய்தார். அந்தக் கம்பியில் வினாடிக்குச் சுமார் 30 எழுத்துத்தான் வரும். ஆகவே மறுபடியும் ஓரெழுத்துக் கட்டளைகள்! அவருடைய மேஜை மேலிருந்த யந்திரத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனிச் சாவிகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு சாவிகளின் மேல் அம்புகள் பொறித்திருந்தன. அந்த யந்திரம் போய், அந்தக் கம்பியும் போய், தனி அம்புச் சாவிகள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் வி.ஐ. பழகியவர்களின் விரல் இன்றும் அந்த நான்கு எழுத்தில்தான் மேலும் கீழும் நடக்கிறது.

1988-ல் ஹாலந்து தேசத்து பிராம் மோலனார் தம்முடைய அமிகா கம்ப்யூட்டருக்கு வி.ஐ. வேண்டும் என்று தேடினார். சரியானது கிடைக்கவில்லை. கேட்டவரும் செய்தவரும் ஒருவரே ஆனார்; அவர் செய்தது 1991-ல் 'விம்' என்ற பெயரில் வெளியாயிற்று. பாத்திரம் தேய்க்கும் பொடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விம்மில் நுழைந்தவர்களுக்கு வெளியே வரத் தெரியவில்லை என்பது இந்தத் தொழிலின் நிரந்தர வேடிக்கை. எப்படி வெளியேறுவது என்று இணையத்தில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை வந்து பார்த்திருக்கிறார்கள்.

மோலனார் 1994-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் தெற்கே கிபாலே என்ற சிற்றூருக்குப் போய், அங்கே குழந்தைகள் நிலையம் ஒன்றில் ஒரு வருஷம் ஊழியம் செய்தார். குடிதண்ணீர், கழிவுநீர் வசதிகளைக் கவனிப்பது அவர் வேலை. எய்ட்ஸ் நோயால் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகள் அந்தப் பிரதேசத்தில் ஏராளம். திரும்பி வந்தவர் ஒரு நிதி ஏற்படுத்தினார். விம்முக்கு அவர் விலை வைத்ததில்லை. உபயோகிக்கிறவர்கள் மனமிருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றார். இதுவரை கருவிகளை மற்றவர்கள் கேட்டார்கள். இங்கே கருவியைச் செய்தவர் மற்றவர்களுக்காகக் கேட்டார். வெறும் பக்கத்தோடு விம்மைத் திறந்தால், நடுத் திரையில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி ஒரு வரி தெரியும்படி வைத்தார். ஓர் எழுத்தை அடித்த மாத்திரத்தில் அது மறைந்துவிடும். லட்சக்கணக்கானவர்கள் அவசரத்தில் அதைப் படிக்காமலே எழுத ஆரம்பித்திருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கருவியைத் தாமே பேணி வந்த மோலனார் 2023 ஆகஸ்டு 3-ஆம் தேதி, 62-வது வயதில் காலமானார். அவரோடு வேலை செய்தவர்கள் விம்மை எடுத்து நடத்தினார்கள். உதவி என்ற கட்டளையோடு உகாண்டா என்று சேர்த்துத் தட்டினால் விரியும்படி அவர் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். கிபாலே எங்கே இருக்கிறது, அங்குள்ளவர்கள் பெரும்பாலும் விவசாயிகள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, அந்த ஜில்லாவில் மட்டும் தாயையோ தகப்பனையோ இழந்த குழந்தைகள் சுமார் 60,000 பேர் என்று, கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச்சே இல்லாமல் அந்தப் பக்கம் ஆரம்பமாயிற்று.